ஆறு விநாடி விளக்கு: தச்சநல்லூர் தாண்டி ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. திருநெல்வேலியில் தச்சநல்லூர் தாண்டி மதுரை சாலையில் போனால் இடது கைப்பக்கம் ஒரு வேப்பமரம். அதனடியில், பழைய பேட்டரிகளை அடுக்கி வைத்த ஒரு தகரக் கொட்டகை. அக்கம்பக்கத்தில் ‘வேப்பமரத்துக் கடை’ என்றால் கையைக் காட்டுவார்கள். பெயரே இல்லாத கடைக்கு எப்படி மதிப்புரை எழுதுவீர்கள் என்று மகள் கேட்டாள். மின்வாரியத்தில் முப்பத்துநான்கு வருடம் இருந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். பெயரில்லாத கம்பங்களைப் பற்றி எழுதிய குறிப்புகளை அடுக்கினால் ஒரு அறை நிறையும். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். இரண்டு ஏர்பேக் உள்ள வகையை வாங்கியபோது, அதற்குக் கொடுத்த கூடுதல் பணத்தை நினைத்து ஒரு மாதம் புலம்பியிருக்கிறேன். என் மனைவி அதை இன்றும் சொல்லிக்காட்டுவாள். அப்போது ஏர்பேக் கட்டாயம் கிடையாது. ஓட்டுநர் பக்கத்துக்கே 2019 ஜூலை முதல்தான் புதிய கார்களில் கட்டாயம் ஆனது. பக்கத்து சீட்டுக்கு 2021இல். அதற்கு முன்னால் வாங்கிய வண்டிகளில் ஏர்பேக் இருந்தாலும், இருப்பது பாதிப் பேருக்கு நினைவில் இருக்காது. விளக்கு எரிந்தால்தான் ஞாபகம் வரும்.

எனக்கு ஞாபகம் வந்தது 2024 தீபாவளிக்கு. கோயம்புத்தூரிலிருந்து மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகன் ஆறடி உயரம். என் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குத் துணி எடுக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது மீட்டரில் சிவப்பாக ஒரு விளக்கு: உட்கார்ந்திருக்கும் ஆளின் முன்னால் ஒரு பந்தை வைத்த மாதிரி படம். “ஏதோ சென்சார் மாமா, ஒன்றும் செய்யாது” என்றார் மருமகன். இரண்டு நாள் கழித்து ஊருக்குப் போய்விட்டார். விளக்கு போகவில்லை.

முதலில் நானே வைத்தியம் பார்த்தேன். காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகி, கைப்பேசியில் கோளாறு பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை 900 ரூபாய்க்கு வரவழைத்தேன். அது ‘கோளாறு ஏதும் இல்லை’ என்றது. ஒரு வாரம் அதை நம்பிக்கொண்டு ஓட்டினேன். பிறகுதான் தெரிந்தது, இந்த மலிவான கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கணினியோடு மட்டும்தான் பேசும். ஏர்பேக்குக்குத் தனியாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அதன் குறிப்பேட்டை அவை திறப்பதே இல்லை. மருத்துவமனைக்குப் போய்ப் பல் டாக்டரிடம் நெஞ்சு வலியைக் கேட்டுவிட்டு வந்தது போல ஆகிவிட்டது.

அடுத்து ஜங்ஷன் பக்கம் ஒரு மெக்கானிக். ஆள் பெயரையும் கடையையும் விட்டுவிடுகிறேன். அவரிடம் விலைப்பட்டியலே இருந்தது. மீட்டரைப் பிரித்து விளக்கைச் செத்துப்போக வைக்க 300 ரூபாய். “கொஞ்சம் நாகரிகமாக வேண்டுமென்றால்” ஏர்பேக் பெட்டியை ஏமாற்ற ஒரு மின்தடையைப் பொருத்திவிட 700. இரண்டாவது முறையில் விளக்கு முறைப்படி எரிந்து முறைப்படி அணையுமாம், யாருக்கும் தெரியாதாம். பாதி ஜில்லாவுக்கு அவர்தான் இப்படிச் செய்து கொடுத்திருக்கிறாராம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இது காசு பெறும் விஷயம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிய வேண்டும். கிட்டத்தட்ட ஆறு விநாடி எரிந்து, தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் சரி என்றால் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ ஓடும்போது திரும்ப எரிந்தாலோ கோளாறு. எரியவே இல்லையென்றால் அது கோளாறைவிட மோசம். யாரோ 300 ரூபாய் வேலை பார்த்திருக்கலாம். விளக்கு நிலையாக எரியும்போது, பெரும்பாலான வண்டிகளில் ஏர்பேக் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. தப்பாக வெடிப்பதைவிட வெடிக்காமல் இருப்பது மேல் என்று அந்தப் பெட்டி ஒதுங்கிக்கொள்ளும்.

பிறகு கம்பெனி சர்வீஸ் மையம். ஏ.சி. அறை, காபி, நாற்காலி எல்லாம் உண்டு. வண்டியை அரை நாள் வைத்துக்கொண்டு 31,400 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார்கள்: கட்டுப்பாட்டுப் பெட்டியே புதிது, கூடவே ஒரு வயரிங். “வெள்ளத்தில் நின்ற வண்டி சார், மாட்யூல் போயிருக்கும்” என்றார் அந்த இளைஞர். அவர் சொன்னது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் வந்தது. எங்கள் தெருவில் வண்டி கதவின் கீழ்விளிம்பு வரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு இதே மையத்தில்தான் உள்ளே கழுவிக் காயவைக்கப் பணம் கட்டியிருந்தேன். ஆனால் இப்போது அவர்கள் சீட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. திருகாணியில் ஒரு புதிய கீறல்கூட இல்லை. நான் போவதற்கு முன் பார்த்து வைத்திருந்தேன், போய் வந்த பிறகும் பார்த்தேன். லைன் இன்ஸ்பெக்டர் புத்தி.

வேப்பமரத்துக் கடையைச் சொன்னவர் எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டுபவர். நான் போனபோது காலை பத்தரை. கடைக்காரர் நாற்பது வயதுக்குள் இருப்பார். காதில் பென்சில். வண்டியைத் தொடவில்லை. முதலில் கேள்விதான்.

“அண்ணாச்சி, இந்த விளக்கு வருவதற்கு முன்னால் கடைசியாக ஓட்டியது யார்?”

“மருமகன்.”

“உயரமான ஆளா?”

“ஆமாம் தம்பி. ஏன்?”

“சீட்டைப் பின்னால் தள்ளியிருப்பாரே.”

அந்த ஒரு கேள்விக்கே நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டேன். மூன்று இடத்தில் மூன்று பேர் விளக்கைப் பார்த்தார்கள். இவர்தான் விளக்கு வந்த நாளைப் பார்த்தார்.

பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்தார், 12.5 இருந்தது. பேட்டரி தளர்ந்தாலும் இந்த விளக்கு வரும் என்பதால் அது முதல் வேலை. பிறகு ஸ்கேனரைச் செருகினார். இது என் 900 ரூபாய்ப் பொம்மை மாதிரி இல்லை, ஏர்பேக் பெட்டியோடு பேசக்கூடியது. ஓட்டுநர் பக்க பிரிடென்ஷனர் சுற்றில் மின்தடை அதிகம் என்று வந்தது. பிரிடென்ஷனர் என்பது, மோதிய கணத்தில் சிறு வெடிமருந்தின் விசையால் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து உடம்பை சீட்டோடு இறுக்கும் சாதனம். சில வண்டிகளில் கதவுத் தூணுக்குள் இருக்கும். என் வண்டியில் பெல்ட்டைப் பூட்டும் இடத்தில், சீட்டோடு சேர்ந்தே இருக்கிறது. அதன் வயர் சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் கனெக்டர் வழியாகப் போகிறது. காரில் மஞ்சள் கனெக்டர், மஞ்சள் உறை எங்கே கண்டாலும் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கை வைக்காதே என்று பொருள்.

“பெட்டி கெட்டிருந்தால் பெட்டிதான் கெட்டிருக்கிறது என்றே வரும் அண்ணாச்சி. இது ஒரே ஒரு சுற்றை மட்டும் சொல்கிறது” என்றார். 31,400 ரூபாய் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்தது.

சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, “டீ குடித்துவிட்டு வாருங்கள், பத்து நிமிடம்” என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மோதலில் பேட்டரி வயர் அறுந்துபோனாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக, அந்தப் பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கி (கெப்பாசிட்டர்) வைத்திருப்பார்கள். அது வடியும்வரை தொடக்கூடாது. துணை மின்நிலையத்தில் கெப்பாசிட்டர் பேங்க்கை நாங்களும் அப்படித்தான்: ஆஃப் செய்து, காத்திருந்து, மிச்ச மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் ராடு போட்டு, அப்புறம்தான் கை. அவசரப்பட்ட ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத வேண்டாம். எதிரே உள்ள டீக்கடையில் ஆமவடை நன்றாக இருக்கும், காலை பதினொன்றுக்குள் போனால்.

திரும்பி வந்தபோது சீட்டின் நான்கு போல்ட்டையும் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார். கார்பெட்டின் அடியில் விரலை விட்டுக் காட்டினார்: காய்ந்த ஆற்று வண்டல், முகப்பவுடர் மாதிரி. மஞ்சள் கனெக்டரைப் பிரித்தார். உள்ளே முள்களில் பச்சைக் களிம்பு. பத்து மாதமாக அது மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. மருமகன் சீட்டைத் தள்ளியபோது வயர் இழுபட்டு, ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சத் தொடர்பும் தளர்ந்திருக்கிறது.

இதற்குப் போய் விளக்கு ஏன் என்று கேட்கலாம். வெடிமருந்தைத் தூண்டும் அந்த நுண்ணிய கம்பியின் மின்தடை ஏறக்குறைய இரண்டு ஓம்தான். கட்டுப்பாட்டுப் பெட்டி மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு அதை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். வீட்டு வயரிங்கில் ஒரு ஓம் கூடினால் ஃபேன் கண்டுகொள்ளாது. இங்கே இரண்டு ஓம் மூன்றாகிவிட்டால் பெட்டிக்கு அது பெரிய வித்தியாசம். களிம்பு ஒரு ஓம் கூட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

நான் வீட்டிலிருந்து என் மல்டிமீட்டரையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். “அளந்து பார்த்துவிடலாமா தம்பி?” என்று எடுத்தேன். அவர் என் கையை எட்டிப் பிடித்துவிட்டார். பிடித்துவிட்டு “மன்னியுங்கள் அண்ணாச்சி” என்றார். ஒரு ஆம்பியர் அளவு மின்சாரம் ஓரிரு மில்லி விநாடி பாய்ந்தாலே அந்த மருந்து தீப்பிடிக்கப் போதும். மீட்டரின் பேட்டரி அவ்வளவு கொடுக்காமல் இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதை நம்பி ஏர்பேக்கிலும் பிரிடென்ஷனரிலும் மீட்டரை வைக்கவே கூடாது என்பது விதி. அந்தக் கனெக்டர்களைப் பிரித்ததும் இரண்டு முனைகளையும் தானாகவே சேர்த்துவிடும் ஒரு சிறு தகடு உள்ளே இருக்கிறது, உடம்பிலிருந்து பாயும் நிலைமின்சாரத்தில்கூட வெடித்துவிடக் கூடாது என்பதற்காக. ஜங்ஷன் மெக்கானிக்குகள் சிலர் கனெக்டரை வெட்டி எறிந்து வயரை முறுக்கி டேப் சுற்றுகிறார்களே, அப்போது இந்தத் தகடும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

அவர் அளந்த விதம் வேறு. ஒரு பழைய ஹார்லிக்ஸ் மூடி போட்ட தகர டப்பாவிலிருந்து இரண்டு ஓம் மின்தடை ஒன்றை எடுத்து, பிரிடென்ஷனருக்குப் பதிலாக வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் செருகினார். பேட்டரியை மாட்டினார். வண்டிக்குள் யாரும் உட்காராமல், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். கோளாறு அப்படியே நின்றது. ஆக, கோளாறு சீட்டில் இல்லை, வண்டிப் பக்கத்து முள்ளில். அந்தக் கனெக்டரை வயர்த் துண்டோடு மதுரையிலிருந்து வரவழைக்க மூன்று நாள் என்றார். ஐந்து நாள் ஆனது. வந்ததும் அதைப் பொருத்தி, மறுபடியும் மின்தடையைச் செருகிப் பார்த்தார். ஸ்கேனரில் ‘தற்போதைய கோளாறு’ என்பது ‘பழைய கோளாறு’ என்று மாறியது. மறுபடி பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, சீட் பக்கத்து முள்களைச் சுத்தம் செய்து, நிஜமான பிரிடென்ஷனரை மாட்டி, நினைவகத்தை அழித்தார். விளக்கு ஆறு விநாடி எரிந்து அணைந்தது.

பிறகு ஒரு காரியம் செய்தார். அந்த மின்தடையை என் கண்ணெதிரே தூக்கிக் காட்டி, டப்பாவுக்குள் போட்டு மூடினார். “உங்கள் வண்டியில் விட்டுவிடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.” ஜங்ஷனில் 700 ரூபாய்க்கு விலை சொன்னது அதே சாமான்தான். கடையில் வாங்கினால் சில ரூபாய்.

நான்காம் நாள் விளக்கு மறுபடியும் வந்தது.

எனக்கு வந்த கோபத்தை விவரிக்கத் தேவையில்லை. போய் நின்றேன். அவர் முகம் வாடவில்லை, கேள்வி மறுபடி. “எங்கே வைத்து வந்தது?” வண்ணார்பேட்டையில் வண்டியைத் திருப்பும்போது. “ஹாரன் ஒழுங்காக அடிக்கிறதா?” அப்போதுதான் யோசித்தேன். சில மாதமாகவே ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தால் ஹாரன் ஊமையாகிவிடும். நேராக்கினால் அடிக்கும். வயசான வண்டி என்று விட்டுவிட்டிருந்தேன். அவர் கேட்டபோது சொல்லவும் இல்லை. தவறு என்மீதுதான்.

சுழலும் ஸ்டியரிங்குக்கும் சுழலாத வண்டிக்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்துவது கிளாக் ஸ்பிரிங் என்ற ஒரு சாதனம். கைக்கடிகாரச் சுருள் மாதிரி ஒரு பட்டை வயர் உள்ளே சுருண்டிருக்கும். ஸ்டியரிங்கோடு விரியும், சுருங்கும். பத்து வருடம் திருப்பினால் எங்காவது ஒரு மடிப்பில் நைந்துபோகும். ஹாரனும் ஓட்டுநர் ஏர்பேக்கும் அதன் வழியாகத்தான் போகின்றன. இந்தத் தடவை ஸ்கேனரும் ஓட்டுநர் ஏர்பேக் சுற்று என்றே சொன்னது. முதல் கோளாறு வேறு, இது வேறு.

மறுபடியும் பேட்டரி, மறுபடியும் டீ. ஏர்பேக்கைக் கழற்றியதும் அதன் முகத்தைத் தன் நெஞ்சுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போய், நிழலில் ஒரு பலகைமேல் முகம் மேலே பார்க்க வைத்தார். குப்புற வைத்து வெடித்தால் அந்தக் கனத்த பின்பகுதி ராக்கெட்டாகக் கிளம்பும். மோதலில் ஏறக்குறைய முப்பது மில்லி விநாடியில் விரிகிற சாமான் அது. பக்கத்தில் நின்ற உதவிப் பையன் அதைத் தாண்டிப் போகப் பார்த்ததற்கு ஒரு திட்டு விழுந்தது.

அப்போது இன்னொன்றும் சொன்னார்: சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டு, திரும்பப் பெறும் பட்டியலில் வண்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளை உலகமெங்கும் திரும்பப் பெற்றார்களே, அந்த விவகாரம். அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வருடக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், விரியும்போது உலோகக் கூட்டையே சில்லுகளாகத் தெறிக்க வைத்தது. வெப்பமும் ஈரமும் நம் ஊரில் பஞ்சமில்லாத சரக்கு. அந்தக் கோளாறுக்கு இந்த விளக்கு எரியாது, எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். என் வண்டி பட்டியலில் இல்லை. அந்தக் காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பார்த்துவிடலாம். பட்டியலில் இருந்தால் கம்பெனியே இலவசமாக மாற்றித் தரும்.

கிளாக் ஸ்பிரிங் அசல் 4,850, நகல் 1,100. “நகல் போட்டால் நான் பொறுப்பில்லை” என்றார். அசலே போடச் சொன்னேன். மாட்டும்போது சக்கரங்களை நேராக வைத்து, சுருளை ஒரு பக்கம் முட்டும்வரை திருப்பி, எண்ணிக்கொண்டே மறுபக்கம் வந்து, நடுவில் நிறுத்தினார். நடு தப்பினால் முதல் முழுத் திருப்பத்திலேயே புதுசும் அறுந்துவிடுமாம்.

மொத்தக் கணக்கு: ஸ்கேன் 500, கனெக்டரும் கூலியும் 1,400, கிளாக் ஸ்பிரிங் 4,850, அதற்குக் கூலி 900. ஆக 7,650 ரூபாய்.

குறையே இல்லையா என்றால், நிறைய. தொலைபேசியை எடுக்கவே மாட்டார். சொன்ன நாளில் வேலை முடியாது. சொன்ன நாளோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். உட்காருவதற்கு ஒரு பழைய கார் சீட் இருக்கிறது, அதில் எப்போதும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். ரசீது கேட்டால் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதித் தருகிறார். என்னுடையதில் முன்பக்கம் சந்திராஷ்டமம் என்று இருந்தது. ஏ.சி. வேலைக்கு அவரிடம் போகாதீர்கள். அதில் அவருக்கே ஈடுபாடு இல்லை என்பது பேச்சிலேயே தெரிகிறது. பேட்டரியைக் கழற்றியதில் ரேடியோ நிலையங்கள் எல்லாம் அழிந்துபோயின. முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

போகிறவர்கள் பத்தரைக்கு முன்னால் போய்விடுங்கள், விளக்கு எப்போது, எங்கே, யார் ஓட்டும்போது வந்தது என்பதை எழுதி எடுத்துப் போங்கள். ஹாரனையும் ஒரு தடவை ஸ்டியரிங்கை ஒடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். என்னைப் போல இரண்டு நடை நடக்க வேண்டியிருக்காது.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. சாவியைத் திருப்பினால் பக்கத்து சீட்டிலிருந்து மனைவி வாய்விட்டு எண்ணுகிறாள், ஆறில் அணைகிறது. கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சில் இன்னும் ஆற்று வண்டல் இருக்கிறது, அதை மாற்றாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி களிம்பு பிடிக்கும் என்று தம்பி சொல்லியிருக்கிறார். விலை விசாரித்து வைத்திருக்கிறேன். பங்குனி கழியட்டும்.